நாலாயிரம் பிள்ளையார் சுழி

"ஏன் சார், மைசூர்த் தமிழங்க எல்லாருக்கும் ஒரே எழுத்துலதான் பேர் வைப்பீங்களா?"

பெங்களூரு அச்சகத்துக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் கல்யாணத் தகவல் நிலையத்தின் வரன் புத்தகத்தை அவர்தான் அச்சடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய ஃப்ளாப்பியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு அகர வரிசையில் அடுக்கிப் பார்த்திருக்கிறார். தமிழ் வரன்கள் மொத்தமும் 'உ' என்ற எழுத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கன்னட வரன்கள் அத்தனை பேரும் 'ஸ்ரீ'யில். மற்ற எழுத்துகளில் ஈ காக்கை இல்லை.

"பேர் இருக்க வேண்டிய எடத்துல பேர் மட்டும் இருக்கணும் சார். முன்னாடி என்னமோ குப்பை இருக்கு. அதைத் தொடைச்சுட்டு அனுப்புங்க. ஆயுத பூஜைக்கு மிஷின நிறுத்திடுவோம், அதுக்குள்ள வந்தாகணும்."

குப்பை என்று அவர் சொன்னது பிள்ளையாரை. கன்னடப் பக்கத்தில் மகாலட்சுமியை.

இது 1997. மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டு மாடியில் சுந்தராம்பாள் அம்மாள் அந்த நிலையத்தை நடத்திவந்தார். முன்பெல்லாம் கைப்பையில் ஜாதகங்களைத் திணித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே பொய்களை நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டையைச் செருகினால் தமிழிலும் கன்னடத்திலும் தட்டலாம். தமிழ் வரன்களைத் தட்டியவள் ரூபா, கன்னட வரன்களைத் தட்டியவள் சுசித்ரா. ரூபா ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் 'உ' போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, அப்புறம்தான் பெயரைத் தொடங்குவாள். கல்யாண விஷயத்தை யாராவது மொட்டையாக ஆரம்பிப்பார்களா? அவளைப் பார்த்து சுசித்ரா 'ஸ்ரீ' போட்டாள். போட்ட பலன், நிலையத்துக்கு வந்த ஒரு ஹூப்ளி வரனைத் தானே கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதைப் பார்த்த பிறகு ரூபா 'உ'வை இன்னும் அழுத்தித் தட்டினாள்.

என் பெயர் கணேசன். அந்தக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவன். வரன்களை எண் போட்டுத் தேடும்படி எழுதியிருந்ததால், பெயருக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கவலைப்பட்டதே இல்லை.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் மற்ற குப்பைகளையெல்லாம் நானே தேடித் தேடி வாரியிருந்தேன். அட்டை இல்லாத கம்ப்யூட்டரில் யாரோ திறந்து திருத்தியதால் தமிழுக்கு நடுவே கட்டங்களும் கோடுகளும் முளைத்திருந்தன, எடுத்தேன். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சுற்றி சுந்தராம்பாள் அம்மாள் நட்சத்திரங்கள் போடச் சொல்லியிருந்தார், உதிர்த்தேன். முப்பது வயதைத் தாண்டிய பெண்களின் வயதுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆச்சரியக்குறிகள் நின்றன. அவற்றை எடுத்தபோது எனக்கே புண்ணியம் செய்தது போல இருந்தது. அவற்றுக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மிச்சம் இருந்தவர் பிள்ளையார்.

இந்தப் புத்தகம் முடிவதில்தான் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. ரூபாவை நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ரூபாவுக்கும் ஆசைதான். ஆசைப்படாதவர் அவள் அம்மா அஞ்சலை. மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருநூறு பேருக்குச் சோறு வடிப்பவர், ஹனூர்ப் பக்கத்து மனுஷி. என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"அந்தப் பையன் எதத் தொடங்கி எத முடிச்சிருக்கறான்?"

நியாயமான கேள்வி. டைப்ரைட்டிங்கைப் பாதியில் விட்டேன். எஸ்.டி.டி. பூத் வைத்து, போன் வந்த மறுமாதம் மூடினேன். அலங்கார மீன் வளர்க்கத் தொட்டி கட்டினேன். தண்ணீர் விடும் முன்பே அலுத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட என் மேல் வருத்தம் உண்டு. "ஆயுத பூசைக்குள்ள இந்தப் பொஸ்தகத்த முடிச்சுக் காட்டச் சொல்லு. பொறவு பேசலாம். இல்லீன்னா கொள்ளேகாலத்து டிராக்டர்காரப் பையனுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்று ரூபாவிடம் சொல்லியனுப்பினார். போதாக்குறைக்கு, ரூபாவின் பெயரையும் எங்கள் நிலையத்திலேயே பதிந்து வைத்திருந்தார். ஆக, நான் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணையும் சேர்த்து ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்யும் புத்தகத்தை நானே வேர்க்க விறுவிறுக்கத் தயார் செய்துகொண்டிருந்தேன். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

வேலை என்னவோ சுலபம். 'உ' இருந்து, அதற்கு அடுத்து இடைவெளியும் இருந்தால், இரண்டையும் எடுத்துவிடு என்று ஒரே வரிக் கட்டளை. ஸ்ரீக்கும் அப்படியே. "அப்படின்னா உமாவோட உ போயிடாதா?" என்று சுந்தராம்பாள் அம்மாள் கேட்டார். உமாவுக்கு நடுவில் இடைவெளி இல்லை, பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் உண்டு என்று விளக்கினேன். அவர் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் கட்டளையைத் தட்டி முடித்து, எண்டரை அழுத்தக் கையை ஓங்கினேன். ரூபா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் கலந்துதான் பேச வரும்.

"ஏனு மாட்றீங்க? பிள்ளையார அழிப்பீங்களா?"

"அழிக்கல ரூபா. எடுக்கறேன்."

"எடுத்து எங்க வைப்பீங்க?"

இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பில் பதில் இல்லை.

"நாலாயிரம் கல்யாணத்துக்குப் போட்ட பிள்ளையார் சுழி. ஒரே தட்டுல அழிச்சிட்டு அந்தக் கையால எனக்குத் தாலி கட்டுவீங்களா? பேடா. அப்படிப்பட்ட கை எனக்கு வேண்டாம்."

நான் எனக்குத் தெரிந்த குறுக்கு வழிகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூலத்தைத் தொடாமல், ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் அழிக்கலாம் என்றேன். "நகல்ல இருக்கறது பிள்ளையார் இல்லையா?" என்றாள். அவர் பாட்டுக்கு உள்ளே இருக்கட்டும், அனுப்பும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தாண்டிப் போகச் செய்யலாம் என்றேன். "பிள்ளையாரத் திரைக்குப் பின்னாடி நிறுத்தி வெச்சிட்டுக் கல்யாணமா?" என்றாள். யாருக்கும் தெரியாமல் நானே செய்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் ரூபா நேருக்கு நேர் கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும். அவளிடம் ஒரு பொய்யைக்கூட நான் வெற்றிகரமாகச் சொன்னதில்லை.

சுந்தராம்பாள் அம்மாளை அழுத்தச் சொன்னேன். "எனக்கென்னத்துக்குடா வம்பு? கல்யாணத் தொழில் பண்றவ நான். நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன், சாமி உன்னைத்தான் மன்னிக்கும்" என்று கழன்றுகொண்டார். அதற்குள் ஒரு நாள் போய்விட்டது. அச்சகத்துக்காரர் இரண்டு தரம் போன் செய்தார்.

அப்போதுதான் எனக்குக் குப்புசாமி ஐயாவின் நினைவு வந்தது.

குப்புசாமி ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டைக்காரர். விஜயநகரில் எந்தப் பந்தலில் பிள்ளையார் வைத்தாலும், மைக் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மனுவோடு முதலில் போய் நிற்பார். கடவுள் இல்லை என்பதைப் பால்காரனிடமும் தபால்காரனிடமும் நிரூபித்து, அவர்களும் ஒப்புக்கொண்ட பிறகே வாசலை விட்டு அனுப்புவார். அவருடைய மகள் மகேஸ்வரியும் எங்கள் நிலையத்தில் பதிந்திருந்தாள். 'சாதி வேண்டாம், ஜாதகம் வேண்டாம், ஐயர் வேண்டாம்' என்று அவர் போட்ட நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஒன்றரை வருஷமாக எந்த மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஐயாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நாலாயிரமா? ஒரே தட்டுலயா?"

"ஒரே தட்டுதாங்க ஐயா."

"நாப்பது வருசமாக் கூட்டம் போட்டுப் பேசறேன் தம்பி. ஒரு பிள்ளையார அசைக்க முடியல. நாலாயிரமா!"

மறுநாள் காலையில் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில் வந்து சேர்ந்தார். போட்டோ எடுக்க ஆள் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும் கொஞ்சம் வருத்தம். நாற்காலியில் உட்கார்ந்து, எங்களுக்கு மூடநம்பிக்கையைப் பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ரூபா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தடுக்கவில்லை, அது என் கை இல்லையே. நான் கட்டளையைத் தட்டி, எண்டர் எது என்று காட்டினேன். ஐயா ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது.

"தம்பி, எம் பொண்ணு பேரும் இதுலதான இருக்குது?"

"இருக்குதுங்க."

"அதுக்கு முன்னாடியும் அந்த இது போட்டிருக்கா?"

"எல்லாருக்கும் போட்டிருக்குதுங்க ஐயா."

ஐயா விரலை மடக்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் அவரைத் தவிர நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத மட்டும் விட்டுட்டு மத்ததை அழிக்க முடியுமா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு நம்பிக்கை கிடையாது தம்பி. அவ அம்மாவுக்கு இருக்கு. பொண்ணுக்கு வயசு இருபத்தொம்பது ஆகுது. நாளைக்கு ஏதாவது தள்ளிப்போச்சுன்னா நான் வீட்டுல சோறு தின்ன வேண்டாமா?" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது. "முடியும் ஐயா" என்றேன். அதைச் சொன்னதுதான் தப்பு. "அப்படி விட முடியும்னா எங்க அண்ணன் பொண்ணையும் விட்டுடு" என்றார் சுந்தராம்பாள் அம்மாள். அண்ணன் பெண்ணைத் தொடர்ந்து கொழுந்தன் மகன், அவர்கள் வீட்டுப் பக்கத்து வீடு, அவருக்கு வேண்டிய ஒரு சப்-ரிஜிஸ்திரார். "ரூபாவை?" என்றேன் நான், என்னையும் மீறி. கடைசியில் கணக்குப் பார்த்தால், யாருக்கும் வேண்டாதவர்களின் பிள்ளையாரை மட்டும்தான் அழிக்கலாம் போலிருந்தது. அப்படி யாருமே அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

நாங்கள் நாலு பேரும் அந்தக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது படியேறி வந்தார் அஞ்சலை. காலை ஷிப்ட் முடிந்து, ஹெப்பாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நேராக வந்திருந்தார். கையில் ரூபாவின் புதுப் போட்டோ. புத்தகத்தில் போடுவதற்கு.

"என்னாச்சு? எழவு வீடாட்டம் உக்காந்திருக்கறீங்க?"

ரூபா சொன்னாள். அஞ்சலை முழுதும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரு கணேசன். பண்ற வேல இது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுசரி, போன மாசம் நம்ம தெருவுல பிள்ளையார் வெச்சமே, ரூபா. இப்ப அது எங்க?"

"கெரேல போட்டோம்."

"போட்டப்ப நீ அழுதயா? மேளத்துக்கு ஆடிக்கிட்டுத்தானே வந்தே. அஞ்சு நாள் கும்புட்டோம், கற்பூரம் காட்டுனோம், போயிட்டு வா சாமின்னு சொல்லிக் கொஞ்சம் நகத்தி வெச்சோம். நகத்துன பொறவு அது வெறும் மண்ணு. எடுத்துத் தண்ணியில போட்டோம். வந்த சாமிய அனுப்பி வெக்கறதுக்கு மொறை இருக்கும்போது, அழிக்கறதாமா, திரைக்குப் பின்னாடி நிறுத்தறதாமா! படிச்சவங்கதான நீங்க எல்லாம்?"

ஆள் உயரப் பிள்ளையாரையே கொட்டு மேளத்தோடு தண்ணீரில் அமுக்குகிற ஜனங்கள் நாங்கள். ஓர் எழுத்தைத் தொட இத்தனை நாளாக நடுங்கிக்கொண்டிருந்தோம். "பகுத்தறிவு!" என்றார் குப்புசாமி ஐயா, யாரைச் சொன்னாரோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெயர்களுக்கு முன்னால் இருந்த 'உ'க்களையும் 'ஸ்ரீ'க்களையும் மட்டும் வரிசையாக எடுத்து ஒரு புது ஃப்ளாப்பியில் பதிந்தேன். ரூபா அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அருகம்புல்லுக்குக் குப்புசாமி ஐயா போனார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் போனார். சுந்தராம்பாள் அம்மாள் மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார். "போயிட்டு வாங்க சாமி. எல்லாருக்கும் நல்ல எடமா அமையணும்" என்றார். அந்த ஒரு தரம் அவர் சொன்னதில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை.

"இப்ப நகத்து" என்றார் அஞ்சலை.

நான் கம்ப்யூட்டரை வடக்குப் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். பிளக் கழன்று திரை இருண்டது. சுந்தராம்பாள் அம்மாள் வீறிட்டதில் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். மறுபடி பிளக்கைச் செருகி, எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, கட்டளையைத் தட்டினேன். ரூபாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். எண்டரை அழுத்தினேன். திரையில் பெயர்கள் அவரவர் எழுத்தைத் தேடிக்கொண்டு போய் நின்றன. மகேஸ்வரி 'ம'வுக்கு வந்தாள். ரூபா 'ரூ'வுக்கு வந்தாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. நானே தொடங்கிய வேலை ஒன்று முடிவதை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

ஆனால் இன்னும் முடியவில்லை. சாமியைக் கரைக்க வேண்டும்.

குக்கரஹள்ளி கெரேக்கு, அதாவது ஏரிக்கு, ஆட்டோவில் போனோம், அஞ்சலையும் ரூபாவும் நானும். ஃப்ளாப்பியைப் பூவோடும் அருகம்புல்லோடும் வாழையிலையில் பொட்டலம் கட்டியிருந்தார்கள். நடக்க வந்த பென்ஷன்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் பொட்டலத்தைத் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி வீசினேன். அது அழகாக மிதந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன். மறுபடி வந்து, கரையோரச் சேற்றுக்கு அப்பால், நாணலில் சிக்கிக்கொண்டது.

"போகட்டும் விடுங்க. தண்ணியில போட்டாச்சு அல்ல?" என்றாள் ரூபா. "அது தன்னால முழுகிடும்."

அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். டைப்ரைட்டிங், எஸ்.டி.டி. பூத், மீன் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பேன்ட். எனக்கு நீச்சல் தெரியாது. சாமி இருக்கிறதா இல்லையா என்று குப்புசாமி ஐயாவுக்கே தெளிவில்லாதபோது எனக்கு என்ன தெரியும்? செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. பென்ஷன்காரர் ஒருவர் "ஏய், ஏய், பேடப்பா, ஜீவன விட்டுடாதே!" என்று கத்தினார். நாணலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். காலடியில் தடவி ஒரு கல்லைக் கண்டுபிடித்து, என் கைக்குட்டையால் அதையும் இதையும் சேர்த்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் உள்ளே விட்டேன். நாலைந்து குமிழி வந்தது. அது அடங்கும் வரை நின்றுவிட்டுத்தான் கரையேறினேன்.

அஞ்சலை தன் துண்டை நீட்டினார். "தொடச்சுக்க. சளி புடிக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சொட்டச் சொட்ட நிலையத்துக்குத் திரும்பினோம். சாயங்கால பஸ்ஸில் பெங்களூருக்கு ஃப்ளாப்பி போக வேண்டும். ரூபாவின் போட்டோ மேஜை மேல் இருந்தது. அதை எடுத்து அச்சகத்துக்குப் போகும் உறைக்குள் வைக்கப் போனேன். அஞ்சலை அதை என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுல ரூபா பேரு இருக்குதே, அது என்னத்துக்கு இன்னும்?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ரூபாவுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னை நாற்காலியிலிருந்து தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். தன் பதிவைத் தேடி எடுத்தாள். பெயர், வயது, நட்சத்திரம், 'குடும்பப் பாங்கான பெண், சமையல் தெரியும்' என்று சுந்தராம்பாள் அம்மாள் சொன்ன கட்டுக்கதை எல்லாம் இருந்தது. ஓர் 'உ'வுக்காக நாள்கணக்கில் என்னைப் பாடாய்ப் படுத்தியவள், கொஞ்சமும் யோசிக்காமல் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். பதிவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

"போயிடுச்சா?" என்றார் அஞ்சலை.

"இல்லீங்க. இப்ப வெறும் அடையாளம்தான் போட்டிருக்குது. மனசு மாறினாத் திரும்ப எடுத்துக்கலாம். முழுசாப் போகணும்னா இன்னொரு கட்டளை கொடுக்கணும்."

"அப்பறம் என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? தொடங்குனத முடி தம்பி."

முடித்தேன்.

மறுநாள் காலையில் அச்சகத்துக்காரர் போன் செய்தார். வரிசை இப்போது ஒழுங்காக வருகிறதாம், அவருக்குச் சந்தோஷம். "ஆனா சார், போன தரம் அனுப்புனதுக்கு இப்ப ஒரு ஆள் கொறையுதே. குப்பையோட சேத்து வாரிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "அவங்களுக்கு எடம் அமைஞ்சிடுச்சு."